ஓயாத ஓட்டம்

ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்து புகழ் பெற்றவர்கள் உலகில் பலர் உண்டு. அவர்களுடைய பெயர்கள் ஏடுகளில் பொறிக்கப்படுகின்றன. பதக்கங்கள் அவர்களுடைய மார்பை அணி செய்கின்றன. ஆனால் தாம் தொடங்கிய ஓட்டத்தை முடிக்காமல், மூன்றில் இரண்டு பங்குத் தொலைவிலேயே நின்றுவிட்ட ஓர் இளைஞரை ஒரு நாடே தன் வீரராகப் போற்றுகிறது என்றால் வியப்பாக இருக்கிறது அன்றோ? அவர் ஓடியது பதக்கத்திற்காக அன்று, பணத்திற்காக. ஆனால் அந்தப் பணத்தில் ஒரு காசு கூட அவருக்காக அன்று. புற்றுநோயை வெல்லும் வழியைத் தேடும் ஆராய்ச்சிக்காக, ஒரு காலை இழந்த பின்னும் ஓடிய அந்த இளைஞரின் பெயர் டெரி ஃபாக்ஸ். இருபத்து மூன்று வயது கூட நிறையாமல் மறைந்த அவருடைய வாழ்க்கையை இக்கட்டுரையில் நாம் காண்போம்.

பிறப்பும் இளமையும்

கனடா நாட்டின் மனிடோபா மாநிலத்தில் வின்னிபெக் என்னும் நகரம் உள்ளது. அங்கே 1958ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 28ஆம் நாள் டெரி பிறந்தார். தந்தை ரோலண்ட் இரயில்வேயில் பணியாற்றியவர். தாய் பெட்டி. நான்கு பிள்ளைகளில் டெரி இரண்டாமவர். பிரெட் என்ற அண்ணனும், டாரல் என்ற தம்பியும், ஜூடித் என்ற தங்கையும் அவருக்கு உண்டு. டெரி சிறுவனாக இருந்தபோதே குடும்பம் நாட்டின் மேற்குக் கரைக்குக் குடிபெயர்ந்தது. 1968ஆம் ஆண்டு முதல் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தின் போர்ட் கோகுவிட்லம் என்ற சிற்றூரே அவர்களுடைய ஊராயிற்று.

பள்ளியில் டெரிக்குக் கூடைப்பந்து என்றால் உயிர். ஆனால் எட்டாம் வகுப்பில் அவருடைய உயரமோ ஐந்தடி. திறமையும் குறைவு. நெடுந்தூர ஓட்டத்தில் சேரலாமே என்று உடற்பயிற்சி ஆசிரியர் யோசனை கூறினார். டெரிக்கு அதில் விருப்பம் இல்லை. ஆயினும் ஆசிரியரிடம் கொண்ட மதிப்பினால் ஓட்டத்திலும் சேர்ந்துகொண்டார், கூடைப்பந்தையும் விடவில்லை. அந்த ஆண்டு முழுவதிலும் அவருக்கு ஆட்டக்களத்தில் கிடைத்தது ஒரே ஒரு நிமிடம்! அதற்காக அவர் மனம் உடைந்துவிடவில்லை. டக் ஆல்வர்ட் என்ற நண்பனோடு சேர்ந்து விடாது பயிற்சி செய்தார். ஒன்பதாம் வகுப்பில் அணியில் நிலையான இடம் கிடைத்தது. பத்தாம் வகுப்பில் ஆட்டத்தைத் தொடங்கும் ஐவருள் ஒருவரானார். பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியின் சிறந்த விளையாட்டு வீரர் என்ற விருதை டக்கும் அவரும் பகிர்ந்துகொண்டனர். பின்னாளில் கனடாவைக் கடக்கத் துணிந்த உறுதி அந்த ஒரு நிமிட ஆட்டக்காரனிடமே முளைவிட்டிருந்தது எனலாம்.

தாயின் சொற்படி டெரி கல்லூரிப் படிப்பை மேற்கொண்டார். உடற்பயிற்சி ஆசிரியராக வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்காக சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் மனித உடலின் இயக்கத்தைப் பற்றிய பாடத்தை எடுத்துப் படித்தார்.

இடியாக வந்த செய்தி

1976ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் டெரி ஓட்டிச் சென்ற கார் ஒரு வண்டியின் பின்புறத்தில் மோதியது. கார் நொறுங்கியது, டெரிக்கோ வலது முழங்காலில் சிறிது வலி, அவ்வளவே. பின்னர் மீண்டும் அந்த வலி தோன்றியது. விளையாட்டுப் பருவம் முடியட்டும் என்று அவர் பொறுத்துக்கொண்டார். 1977ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வலி தாங்க முடியாத அளவுக்குப் பெருகவே மருத்துவமனைக்குச் சென்றார். எலும்பில் புற்றுநோய் தோன்றியிருப்பதாக மருத்துவர்கள் கண்டனர். விபத்தினால்தான் இந்நோய் வந்ததோ என்று டெரி நினைத்தார். இரண்டுக்கும் தொடர்பு இல்லை என்று மருத்துவர்கள் விளக்கினர். காலை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

அறுவை நடப்பதற்கு முந்தைய இரவு, பள்ளியில் அவருக்குக் கூடைப்பந்து பயிற்றுவித்த ஆசிரியர் ஒரு பத்திரிகையைக் கொண்டு வந்து கொடுத்தார். காலை இழந்த ஒருவர் நியூயார்க் மாரத்தான் ஓட்டத்தை ஓடி முடித்த செய்தி அதில் இருந்தது. நோயாளியைப் பார்க்கச் செல்பவர்கள் பழமும் பூவும் கொண்டு செல்வது வழக்கம். இந்த ஆசிரியரோ நம்பிக்கையைக் கொண்டு சென்றார். மறுநாள் டெரியின் வலது கால், முழங்காலுக்கு மேலே சுமார் 15 சென்டிமீட்டர் உயரத்தில் துண்டிக்கப்பட்டது. மூன்று வாரங்களுக்குள் அவர் செயற்கைக் காலுடன் நடக்கத் தொடங்கிவிட்டார்.

மருத்துவமனை கற்பித்த பாடம்

அதன் பின்னர் பதினாறு மாதங்கள் மருந்து சிகிச்சை நடைபெற்றது. தலைமயிர் உதிர்ந்தது, உடல் துவண்டது. ஆனால் தம் வேதனையை விட, தம்மைச் சுற்றிலும் கண்ட வேதனையே டெரியின் மனத்தைப் பெரிதும் வாட்டியது. சிறு குழந்தைகளும் தம் வயதையொத்த இளைஞர்களும் வலியால் துடிப்பதையும், சிலர் இறந்துபோவதையும் அவர் கண்ணாரக் கண்டார்.

அங்கே அவர் அறிந்த ஓர் உண்மை அவருடைய வாழ்க்கையையே திருப்பிவிட்டது. அவர் பிழைப்பதற்கு நூற்றுக்கு ஐம்பது வாய்ப்பு இருப்பதாக மருத்துவர்கள் கூறினர். இரண்டே ஆண்டுகளுக்கு முன்னால் இதே நோய் வந்திருந்தால் அந்த வாய்ப்பு நூற்றுக்குப் பதினைந்துதானாம்! இடையில் நடந்தது என்ன? எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில், பெயர் தெரியாத சிலர் இரவு பகலாக உழைத்துப் புதிய மருந்து முறையைக் கண்டிருந்தனர். தாம் உயிரோடு இருப்பதற்கு அந்த முகம் தெரியாத மனிதர்களே காரணம் என்பதை டெரி உணர்ந்தார். அதே வேளையில், கனடாவில் புற்றுநோய் ஆராய்ச்சிக்குச் செலவிடப்படும் பணம் மிகக் குறைவு என்பதையும் அறிந்து வருந்தினார், கோபமும் கொண்டார். தாம் பெற்ற வாய்ப்பு பின்னால் வருபவர்களுக்கும் கிடைக்க வேண்டும். அதற்குத் தாம் ஏதேனும் செய்தே ஆக வேண்டும் என்று உறுதி பூண்டார். பத்திரிகையில் படித்த ஓட்டக்காரரின் நினைவு வந்தது. கனடாவின் கிழக்குக் கடலிலிருந்து மேற்குக் கடல் வரை, ஏறக்குறைய 8,000 கிலோமீட்டர் ஓடிப் பணம் திரட்டுவது என்ற எண்ணம் பிறந்தது.

ஆயத்தங்கள்

எண்ணம் பிறப்பது எளிது. அதை நடத்திக் காட்டுவது அரிது. ஓட்டத்தை டெரி எவ்வாறு ஏற்பாடு செய்தார் என்பது நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பகுதியாகும்.

முதலாவது, உடலைப் பழக்கினார். முன்னதாகச் சக்கர நாற்காலிக் கூடைப்பந்தில் சேர்ந்து, தம் அணி மூன்று முறை தேசிய வெற்றி பெறத் துணை நின்றிருந்தார். அதனால் கைகளும் தோள்களும் வலுப்பெற்றிருந்தன. ஓட்டமோ வேறு வகையான சோதனை. செயற்கைக் கால் ஓடுவதற்காகச் செய்யப்பட்டதன்று. ஒவ்வோர் அடியிலும் வெட்டுண்ட இடம் உரசிக் கொப்புளித்தது; இரத்தம் கசிந்தது. செயற்கைக் கால் ஓர் அடி வைத்துத் திரும்ப வருவதற்குள் நல்ல காலால் இருமுறை தத்த வேண்டியிருந்தது. ஆயினும் அவர் நிறுத்தவில்லை. ஒரு கட்டத்தில் 101 நாட்கள் இடைவிடாமல் ஓடினார். கிறிஸ்து பிறப்பு விழாவன்று மட்டும் தாய் கேட்டுக்கொண்டதற்காக ஓய்வு எடுத்தார். பயிற்சிக் காலத்தில் மட்டும் அவர் ஓடிய தூரம் 5,000 கிலோமீட்டர் இருக்கும். 1979ஆம் ஆண்டு பிரின்ஸ் ஜார்ஜ் நகரில் நடந்த சுமார் 27 கிலோமீட்டர் பந்தயத்தில் கலந்துகொண்டு கடைசியாக வந்தார். கடைசியாக வந்த அவரைத்தான் கூடியிருந்தோர் கண்ணீரும் கைதட்டலுமாக வரவேற்றனர்.

இரண்டாவது, வீட்டாரின் இசைவைப் பெற்றார். வான்கூவர் மாரத்தானுக்காகவே அவர் பயிற்சி செய்வதாக வீட்டார் அதுவரை எண்ணியிருந்தனர். முழுத் திட்டத்தையும் சொன்னபோது தாய் மனம் பதறியது. நோயிலிருந்து மீண்ட மகன் நாடு முழுவதும் ஓடப் போகிறான் என்றால் எந்தத் தாய்தான் உடனே சம்மதிப்பாள்? தந்தையோ எப்போது புறப்படுகிறாய் என்று மட்டும் கேட்டாராம். பின்னர் தாயும் மனமுவந்து துணை நின்றார்.

மூன்றாவது, முறைப்படி உதவி கேட்டார். 1979ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் கனடாப் புற்றுநோய்ச் சங்கத்திற்குக் கடிதம் எழுதினார். சங்கத்தார் சற்றுத் தயங்கினர். ஆதரவாளர்களைத் தேடிக் கொண்டு வருமாறும், மருத்துவச் சான்று பெறுமாறும் கூறினர். இருதயம் சற்றுப் பெரிதாகியிருப்பதைக் கண்ட மருத்துவர், தொல்லை தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும் என்று எச்சரித்தார். டெரி பல நிறுவனங்களுக்கும் கடிதங்கள் எழுதினார். ஃபோர்டு நிறுவனம் தங்குவதற்கு வசதியுள்ள வேன் ஒன்றைத் தந்தது. இம்பீரியல் ஆயில் எரிபொருள் தந்தது. அடிடாஸ் காலணிகள் தந்தது.

நான்காவதுதான் மிகவும் முக்கியமானது. தம் பொருளை விளம்பரப்படுத்த வேண்டும் என்று கேட்ட நிறுவனங்களின் உதவியை டெரி மறுத்துவிட்டார். நிபந்தனை எதுவும் இணைந்த பணத்தையும் ஏற்கவில்லை. இந்த ஓட்டத்தினால் எவரும் ஆதாயம் அடையக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். பொதுப் பணத்தைக் கையாள்பவர்க்கு இதை விடச் சிறந்த பாடம் உண்டோ?

கடலில் நனைந்த கால்

1980ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள், கனடாவின் கிழக்கு ஓரத்திலுள்ள நியூஃபவுண்ட்லாந்துத் தீவில், செயின்ட் ஜான்ஸ் நகரத்தின் கடற்கரையில் டெரி நின்றார். தம் செயற்கைக் காலை அட்லாண்டிக் கடல் நீரில் நனைத்தார். இரண்டு பெரிய குப்பிகளில் கடல் நீரை எடுத்துக்கொண்டார். ஒன்று நினைவுக்காக, மற்றொன்று மேற்குக் கரையில் விக்டோரியா நகரை அடைந்ததும் பசிபிக் கடலில் ஊற்றுவதற்காக. நண்பர் டக் வேனை ஓட்டிச் சமையலையும் கவனித்துக்கொள்ள, நம்பிக்கை ஓட்டம் எனப் பெயரிடப்பட்ட அந்தப் பயணம் தொடங்கியது.

தொடக்கம் இனிதாக இல்லை. சூறைக் காற்றும் மழையும் பனிப் புயலும் வரவேற்றன. பல இடங்களில் பார்ப்பதற்குக் கூட ஆள் இல்லை. ஆனால் போர்ட் ஓ பாஸ்க் என்ற சிறு துறைமுக ஊரை அடைந்தபோது டெரியின் உள்ளம் பூரித்தது. ஏறக்குறைய 10,000 மக்களே வாழ்ந்த அந்த ஊர் 10,000 டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தது. ஆளுக்கு ஒரு டாலர்! அந்தக் கணக்கு டெரியின் மனத்தில் பதிந்தது.

நாள்தோறும் விடியும் முன்னரே எழுந்து ஓடத் தொடங்குவார். ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு மாரத்தான் தூரம், அதாவது சுமார் 42 கிலோமீட்டர் ஓடுவார். மறுநாளும் அவ்வாறே, அதற்கு மறுநாளும் அவ்வாறே. இரண்டு கால்களும் உள்ளவர்கள் கூட ஒரு மாரத்தான் ஓடிய பின் பல நாட்கள் ஓய்வு எடுப்பதுண்டு என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பயணத்தில் மனத்தாங்கலும் ஏற்பட்டது. களைப்பும் நெருக்கமும் சேர்ந்து, உயிர் நண்பர்களான டெரியும் டக்கும் பேசாமலே இருக்கும் அளவுக்குப் போயிற்று. அப்போது தம்பி டாரல் வந்து சேர்ந்துகொண்டான். பதினேழு வயது நிரம்பிய அவனுடைய வேடிக்கைப் பேச்சு இருவரையும் மீண்டும் இணைத்தது. பெரிய செயல்களுக்கு ஓடுபவர் மட்டும் போதாது. வண்டி ஓட்டுபவரும் வேண்டும், சிரிக்க வைப்பவரும் வேண்டும் என்பது இதனால் தெரிகிறது.

கியூபெக் மாநிலத்தில் பிரெஞ்சு மொழி பேசப்படுகிறது. டெரிக்கோ அம்மொழி தெரியாது. அவருடைய நோக்கம் பலருக்கும் விளங்கவில்லை. சாலையில் சென்ற வண்டிகள் அவரைச் சாலையை விட்டே இறங்கச் செய்தன. ஜூன் 22ஆம் நாள் மாண்ட்ரியல் நகரை அடைந்தபோது மூன்றில் ஒரு பங்கு தூரம் முடிந்திருந்தது; சுமார் 2 லட்சம் டாலர் திரண்டிருந்தது.

ஆளுக்கு ஒரு டாலர்

அங்கேதான் ஒரு திருப்பம் ஏற்பட்டது. ஃபோர் சீசன்ஸ் ஓட்டல்களின் நிறுவனர் இசடோர் ஷார்ப் என்பவர் தம் மகனைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். டெரியின் ஓட்டம் அவருடைய நெஞ்சைத் தொட்டது. டெரி குழுவினர் தம் ஓட்டல்களில் தங்க இடமும் உணவும் அளித்தார். ஓடும் ஒவ்வொரு மைலுக்கும் இரண்டு டாலர் தருவதாக வாக்களித்தார். ஏறக்குறைய ஆயிரம் நிறுவனங்களையும் அவ்வாறே தருமாறு தூண்டினார்.

ஒன்டேரியோ மாநில எல்லையில் பேண்டு வாத்தியத்தோடு ஆயிரக்கணக்கான மக்கள் காத்திருந்தனர். தலைநகர் ஒட்டாவாவில் பிரதமர் பியர் துரூதோவைச் சந்தித்தார். ஜூலை 11ஆம் நாள் டொரான்டோ மாநகர் சதுக்கத்தில் 10,000 பேர் கூடினர். அந்த ஒரு நாளில் மட்டும் சுமார் ஒரு லட்சம் டாலர் சேர்ந்ததாகப் புற்றுநோய்ச் சங்கம் கணக்கிட்டது.

முதலில் 10 லட்சம் டாலர் திரட்டினால் போதும் என்று எண்ணியிருந்த டெரி, பின்னர் இலக்கை ஒரு கோடியாக உயர்த்தினார். இறுதியில் நாட்டு மக்கள் 2 கோடியே 40 லட்சம் பேரும் ஆளுக்கு ஒரு டாலர் தர வேண்டும் என்று கேட்டார். இதன் அழகை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். செல்வர் ஒருவரிடம் பெருந்தொகை பெறுவது எளிதாக இருக்கலாம். ஆனால் ஒரு டாலர் என்றால் பள்ளிச் சிறுமியும் தரலாம். கூலித் தொழிலாளியும் தரலாம். தருகின்ற ஒவ்வொருவரும் அந்த ஓட்டத்தில் ஓடியவர் ஆகிவிடுகிறார். ஆலயக் காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட ஏழைக் கைம்பெண்ணை இயேசு பெருமான் பாராட்டியதை நாம் மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம் அல்லவா? தொகையின் அளவைப் பார்க்காமல் தரும் மனத்தைப் பார்க்கும் அதே கணக்கைத்தான் டெரியும் போட்டார்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். டெரி தம் செயற்கைக் காலை ஒருபோதும் மறைக்கவில்லை. அரைக்கால் சட்டை அணிந்தே ஓடினார். அந்தக் கால் எப்படி வேலை செய்கிறது என்று குழந்தைகள் கேட்டால் மலர்ந்த முகத்துடன் விளக்கிக் காட்டினார். புற்றுநோய் என்ற சொல்லையே வாய்விட்டுச் சொல்ல அஞ்சும் வீடுகள் இன்றும் உண்டு. அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்களோ என்று நோயை மறைத்து, காலம் கடந்து மருத்துவரிடம் செல்வோரும் உண்டு. நோய் பாவத்தின் அடையாளம் அன்று. வெட்கப்பட வேண்டியதும் அன்று என்பதை அந்த இளைஞர் ஒரு சொல்லும் சொல்லாமல், ஓடியே உணர்த்தினார்.

நின்ற ஓட்டம்

உடல் மெல்ல மெல்லத் தளர்ந்தது. முழங்கால் வீங்கியது, தலை சுற்றியது, வெட்டுண்ட காலில் கட்டிகள் தோன்றின. கணுக்கால் வலியுடன் மூன்று நாட்கள் ஓடிய பின்னரே மருத்துவரை நாடினார். செப்டம்பர் முதல் நாள், தண்டர் பே நகரத்திற்கு வெளியே கடுமையான இருமலும் மார்பு வலியும் ஏற்பட்டன. சாலையின் இரு மருங்கிலும் மக்கள் நின்று உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தனர். அவர்கள் முன்னால் நிற்பதற்கு அவருக்கு மனம் வரவில்லை. மக்கள் கூட்டம் முடியும் வரை ஓடினார். அதன் பின்னரே வேனில் ஏறி, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுமாறு கேட்டார்.

புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடியிருந்தார். அதுவரை திரண்ட தொகை 17 லட்சம் டாலர். அவருக்குப் பதிலாகத் தாங்கள் ஓடி முடிப்பதாகச் சிலர் முன்வந்தனர். டெரி அதை ஏற்கவில்லை. குணமடைந்து திரும்பி வந்து தாமே முடிப்பேன் என்று நம்பினார்.

அவர் படுக்கையில் இருந்தபோது நாடு எழுந்து நின்றது. ஒரு வாரத்திற்குள் தொலைக்காட்சி நிலையம் ஒன்று நடத்திய சிறப்பு நிகழ்ச்சியில் 1 கோடியே 5 லட்சம் டாலர் குவிந்தது. கனடாவின் மிக உயர்ந்த குடிமக்கள் விருது அவருக்கு அளிக்கப்பட்டது. அதைப் பெற்றவர்களில் அவரே அன்று மிக இளையவர். டெரி ஃபாக்ஸ், கனடா என்று மட்டும் முகவரி எழுதிய கடிதங்களும் தவறாமல் அவரிடம் வந்து சேர்ந்தன. பின்னாளில் புனிதராக உயர்த்தப்பெற்ற திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், அவருக்காக மன்றாடுவதாகத் தந்தி அனுப்பினார். 1981ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மொத்தத் தொகை 2 கோடியே 41 லட்சம் டாலரைக் கடந்தது. ஆளுக்கு ஒரு டாலர் என்ற கனவு, அவர் கண் மூடும் முன்னரே நனவாயிற்று.

நோய் மட்டும் பின்வாங்கவில்லை. 1981ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் விடியற்காலையில், பெற்றோரும் உடன்பிறந்தோரும் சூழ்ந்திருக்க டெரி உயிர் நீத்தார். இன்னும் ஒரு மாதம் இருந்திருந்தால் இருபத்து மூன்று வயது நிறைந்திருக்கும். நாடெங்கும் கொடிகள் அரைக் கம்பத்தில் பறந்தன. பசிபிக் கடலில் ஊற்றுவதற்கென்று எடுத்த நீரை அவர் தம் கையால் ஊற்றவே இல்லை.

கை மாறிய கோல்

இத்துடன் கதை முடிந்துவிட்டதா? இல்லை. டெரி மருத்துவமனையில் சேர்ந்த மறுநாளே இசடோர் ஷார்ப் அவருடைய குடும்பத்திற்குத் தந்தி அனுப்பியிருந்தார். ஆண்டுதோறும் டெரியின் பெயரால் ஓட்டம் நடத்தி ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவதாக அதில் உறுதி கூறியிருந்தார். அதன்படி 1981ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள் முதலாவது டெரி ஃபாக்ஸ் ஓட்டம் நடைபெற்றது. 3 லட்சம் பேர் கலந்துகொண்டனர். 35 லட்சம் டாலர் சேர்ந்தது.

இந்த ஓட்டத்தின் விதிகள் புதுமையானவை. இதில் முதல் பரிசு இல்லை. இரண்டாம் பரிசும் இல்லை. வெற்றி பெற்றவர் என்று எவரும் இல்லை. ஓட முடிந்தவர் ஓடலாம், நடப்பவர் நடக்கலாம், சக்கர நாற்காலியில் வருபவர் வரலாம், தாய்மார் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டும் வரலாம். விளம்பரத்திற்கு இடமில்லை. டெரி தம் ஓட்டத்திற்கு விதித்துக்கொண்ட கட்டுப்பாட்டை அவருடைய தாய் பெட்டி, 2011ஆம் ஆண்டில் தாம் மறையும் வரை கண்ணும் கருத்துமாகக் காத்தார். ஊர் ஊராக, பள்ளி பள்ளியாகச் சென்று மகனின் கதையைச் சொன்னார். மகனை இழந்த துயரத்தை மற்றவர் பிள்ளைகளுக்கான தொண்டாக மாற்றிக்கொண்ட அந்தத் தாயும் நம் வணக்கத்திற்கு உரியவர்.

இந்த ஓட்டம் பின்னர் பல நாடுகளுக்கும் பரவியது. நம் சென்னையிலும் இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகத்தில் நடைபெற்றுள்ளது. இன்று வரை டெரியின் பெயரால் திரண்ட தொகை 80 கோடி டாலருக்கும் மேல். 2007ஆம் ஆண்டில் அவருடைய பெயரால் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றும் தொடங்கப்பட்டது.

அந்தப் பணம் என்ன செய்தது என்று கேட்கலாம். ஆராய்ச்சி என்பது ஒரே நாளில் கனி தரும் மரம் அன்று. பல நாடுகளில், பல ஆய்வுக்கூடங்களில், பலர் சிறிது சிறிதாகச் சேர்க்கும் அறிவே ஒரு நாள் மருந்தாகிறது. டெரிக்கு வந்த அதே எலும்புப் புற்றுநோய் இன்று ஓர் இளைஞருக்கு வந்தால், பெரும்பாலும் காலை வெட்டாமலேயே நோயுற்ற எலும்பை மட்டும் அகற்றிச் சிகிச்சை செய்கிறார்கள். நோய் பரவும் முன் கண்டறிந்தால் பிழைப்பவர்களே மிகுதி. இதில் டெரியின் பங்கு இவ்வளவு என்று அளந்து சொல்ல எவராலும் இயலாது. தமக்கு உயிர் கொடுத்த ஆராய்ச்சியாளர்களின் பெயர் டெரிக்குத் தெரியாதது போலவே, இன்று பிழைத்து எழும் பலருக்கும் டெரியின் பெயர் தெரியாமல் இருக்கலாம். தெரியாவிட்டால் என்ன? நன்மை நடந்துவிட்டது.

நாம் கற்பது என்ன?

விளையாட்டு விழாவில் தொடர் ஓட்டத்தை நாம் எல்லோரும் ஆவலோடு பார்க்கிறோம். நான்காவதாக ஓடுபவள்தான் எல்லைக் கயிற்றைத் தொடுகிறாள், கைதட்டலும் அவளுக்கே. ஆனால் இரண்டாவதாக ஓடியவள் கோலைத் தவற விட்டிருந்தால் வெற்றி ஏது? தன் பங்கு தூரத்தை முழு மூச்சோடு ஓடி, கோலை அடுத்தவள் கையில் பத்திரமாகக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்பவளும் வெற்றி பெற்றவளே. டெரி தாம் தனியாக ஓடுவதாக எண்ணியிருக்கலாம். உண்மையில் அவர் ஓடியது ஒரு நீண்ட தொடர் ஓட்டம். பத்திரிகையில் படித்த ஓட்டக்காரரிடமிருந்தும், பெயர் தெரியாத ஆராய்ச்சியாளர்களிடமிருந்தும் அவர் கோலைப் பெற்றுக்கொண்டார். தம் பங்கை ஓடினார். இலட்சக்கணக்கான கைகளில் அதை ஒப்படைத்தார்.

நம்மில் எல்லோராலும் ஒரு நாட்டைக் கடந்து ஓட முடியாது. ஆனால் நோயுற்ற தோழியை அஞ்சாமல் சென்று பார்க்கலாம். நல்ல காரியத்திற்காக உண்டியல் ஏந்தும்போது ஒரு காசும் குறையாமல் கணக்கு ஒப்படைக்கலாம். அறிவியல் பாடத்தை மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்காமல், நாளை ஒருவர் உயிரைக் காக்கும் அறிவு இது என்று எண்ணிப் படிக்கலாம். நம்மில் ஒருத்தி ஆய்வுக்கூடத்திலே புதிய மருந்தைக் காணும் நாளும் வரலாம்.

கிறிஸ்தவ வாழ்வைப் புனித சின்னப்பர் ஓட்டத்திற்கு ஒப்பிட்டார். மண்ணில் விழுந்து மடியும் கோதுமை மணியே மிகுந்த பலன் தரும் என்பது நம் ஆண்டவர் காட்டிய வழி. தண்டர் பே நகருக்கு அருகே, டெரி ஓட்டத்தை நிறுத்திய பகுதியில், அவருடைய வெண்கலச் சிலை மேற்குத் திசையை நோக்கி நிற்கிறது. அவர் ஓடாமல் விட்ட சாலை அதன் முன்னே நீண்டு கிடக்கிறது. ஆண்டுதோறும் செப்டம்பரில் அந்தச் சாலையிலும் உலகின் எத்தனையோ சாலைகளிலும் சிறுவரும் முதியவரும் அவருக்காக ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.